இன்டர்வியூவுக்குப் போனேன், பிறகு சத்தமே இல்லை: கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது எப்படி

வேலை கிடைக்காதவருக்குக் கிடைக்கிற அறிவுரை முழுக்க ஒரே பக்கத்தில் இருந்துதான் வரும். ஆங்கிலத்தைத் திருத்து. சி.வி.யை மாற்று. கண்ணைப் பார்த்துக் கதை. நானும் திருத்தினேன், மாற்றினேன், பார்த்தேன். ஒன்பது மாதத்தில் பதினேழு இன்டர்வியூ. கடைசியில் நான் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை வீட்டு அன்ரி கூட, "பிள்ளை, ஒருக்கா சாதகத்தைக் காட்டிப் பாப்பமே?" என்று கேட்கும் நிலைக்கு வந்தது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். பரீட்சை மீதி, அதாவது வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமமாக வரவேண்டிய பட்டியல், ஒத்துவராவிட்டால் எல்லாப் பதிவையும் கிழித்துப் போட்டு முதலில் இருந்து எழுதமாட்டோம். எந்தத் திகதி வரை ஒத்துவந்தது என்று தேடுவோம். அன்றிரவு ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கீறினேன்: திகதி, எந்தச் சுற்று வரை போனது, கடைசியாக அவர்கள் சொன்ன வசனம், பஸ் செலவு. பதினேழு வரி எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், நேர்மையாக என் பிழை என்று சொல்லக்கூடியது ஐந்துதான். மற்றப் பன்னிரண்டும் அவர்களுடைய மேசையில் சிக்கியவை. அந்தப் பன்னிரண்டுக்காகவும் சேர்த்துத்தான் நான் என்னைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே கொப்பி ஒன்றை முதலில் வாங்குங்கள். பிறகு உங்கள் அறிகுறி எதுவோ, நேரே அங்கே போங்கள். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை.

அறிகுறி: விண்ணப்பம் போகிறது, அழைப்பு வருவதே இல்லை

இது உங்கள் பக்கத்துக் கோளாறாக இருக்க இடம் உண்டு. அதிலும் திறமையை விட்டுவிட்டு முதலில் தொடர்பைப் பாருங்கள். சி.வி.யில் இருக்கிற போன் இலக்கம் இப்போது வேலை செய்கிறதா? 011 இல் தொடங்கும் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்கிறீர்களா? காப்புறுதிக்காரர் என்று நினைத்து நான் இரண்டு தரம் வெட்டிவிட்ட அழைப்பு ஒன்று, நான் மிகவும் விரும்பிக் கேட்டிருந்த வேலைக்கானது. என் ஐந்து பிழைகளில் அது முதலாவது.

அடுத்தது பெயர். இணையப் படிவம் முதற்பெயர் கேட்கும், கடைசிப் பெயர் கேட்கும். நம்மில் பலருக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஒரு படிவத்தில் அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராகப் போடுவோம், அடுத்ததில் அடையாள அட்டையில் இருக்கிற ஒழுங்கிலேயே அடிப்போம். சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒன்று கூட இருக்கும், உயர்தரச் சான்றிதழில் அது இருக்காது. அவர்கள் தேடும்போது நீங்கள் இரண்டு ஆளாகத் தெரிவீர்கள், அல்லது ஆளே தெரியமாட்டீர்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, மின்னஞ்சல் பெயர் தொடக்கம் சி.வி. கோப்பின் பெயர் வரை அதையே போடுங்கள்.

அடையாள அட்டை என்றதும் இன்னொன்று. பழைய அட்டைக்காரருக்கு ஒன்பது இலக்கமும் ஒரு வீ எழுத்தும். 2016 இல் இருந்து வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். சில படிவங்கள் பன்னிரண்டு இல்லாவிட்டால் விடாது, சில படிவங்கள் ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிடும். மாற்றுவது லேசு: முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின்னால் ஒரு 0 போடுங்கள், மிச்ச நான்கையும் அப்படியே எழுதி வீயை விட்டுவிடுங்கள். எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு வரும்.

முகவரி யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று இருந்தால், "இவர் எப்ப கொழும்புக்கு வந்து, எப்ப வீடு பார்த்து" என்று அவர்களே உங்களுக்காக யோசித்துக் கவலைப்பட்டு சி.வி.யை ஓரமாக வைத்துவிடுவார்கள். கொழும்பில் தங்க இடம் இருந்தால் அந்த முகவரியைப் போடுங்கள். இல்லாவிட்டால் எந்தத் திகதியில் இருந்து கொழும்பில் நிற்க முடியும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அழைப்பு இல்லையா? விளம்பரத்தைச் சோதியுங்கள். அதே கொம்பனி, அதே பதவி, மாதம் ஒருமுறை புதுத் திகதியோடு வருகிறது என்றால் அங்கே வேலை இல்லாமல் இருக்கலாம், அல்லது போகிறவர் எல்லாம் ஓடிவருகிற வேலையாக இருக்கலாம். உள்ளே ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுக்க முடிவெடுத்த பிறகு ஒழுங்குக்காகப் போடுகிற விளம்பரமும் உண்டு. இவற்றைக் கொப்பியில் குறித்துவிட்டு நகருங்கள்.

அறிகுறி: அழைத்தார்கள், போனால் மண்டபத்தில் நாற்பது பேர்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் பலகையில் ஒருவர் வட்டம் கீறி, அதன் கீழே இரண்டு வட்டம், அதன் கீழே நான்கு என்று கீறத் தொடங்கினால் எழும்பி வாருங்கள். ஆளைச் சேர்த்து அந்தக் காசில் உழைக்கிற பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. அதில் சேர்ந்து மற்றவரைச் சேர்ப்பவரும் சட்டத்துக்குள் அகப்படுவார். தேநீர் தருவார்கள், குடித்துவிட்டே வரலாம்.

பயிற்சிக்கு, சீருடைக்கு, கோப்புத் திறக்க என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் இதே கதைதான். வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். கடவுச்சீட்டைக் கொடுத்த பிறகு கேட்பதைவிடக் கொடுக்க முதல் கேட்பது நல்லது.

அறிகுறி: நேரம் தந்துவிட்டுக் காக்க வைக்கிறார்கள்

இனிச் சொல்லப்போகிற கொம்பனியின் பெயர் வேண்டாம். யூனியன் பிளேஸ் பக்கம். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கொம்பனித்தெருவில் இறங்கி நடக்கிற தூரம். பெயரிலேயே கொம்பனி இருக்கிற இடம், சகுனம் நல்லது என்று நினைத்துக்கொண்டு போனேன். காலை ஒன்பதரைக்கு வரச்சொன்னார்கள். ஒன்பது பத்துக்கு வரவேற்பு மேசையில் பெயர் எழுதினேன். என்னை உள்ளே கூப்பிடும்போது பன்னிரண்டு பத்து. இடையில் ஒரு பெண் வந்து, "மிஸ், சேர் மீட்டிங்கில, இப்ப முடிஞ்சிடும்" என்று மூன்று தரம் சொன்னாள். பாவம், அவளுக்கும் தெரியாது. உள்ளே இருந்தவர் என் சி.வி.யைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "நீங்க எந்த வேலைக்கு வந்திருக்கிறீங்க?"

காத்திருக்க வைத்தால் இரண்டு காரணம் இருக்கும். அன்றைக்கு உண்மையாகவே தலைபோகிற வேலை வந்திருக்கலாம். அல்லது அங்கே எல்லா நாளும் அப்படித்தான் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி, வரவேற்பு மேசையில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது. சங்கடப்பட்டால் இன்றைக்கு மட்டும். பழகின முகமாக இருந்தால் தினமும். மற்றவழி, நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் எழும்பிப்போய், "எனக்குப் பன்னிரண்டுக்கு இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும். இன்றைக்கு முடியுமா, வேறு நாள் வரட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்பது. ஆள் வேண்டும் என்றால் பத்து நிமிடத்தில் கூப்பிடுவார்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது.

ஊரில் இருந்து இரவு பஸ் ஏறி வருகிறவர்கள் ஒரு விஷயத்தை வெட்கப்படாமல் கேளுங்கள்: முதல் சுற்றைக் காணொளி அழைப்பில் வைக்க முடியுமா? முடியாது என்றால் எத்தனை சுற்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்க முடியுமா? அங்கேயும் இங்கேயுமாக மூன்று இரவுப் பயணம் செய்து, கோட்டை நிலையத்தில் முகம் கழுவி, நான்காவது சுற்றில் "நாங்க சிங்களம் நல்லாத் தெரிஞ்ச ஆள் பாக்கிறம்" என்று கேட்டுவிட்டு வந்த தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை முதல் நாளே போனில் கேட்டிருக்கலாம், அவர்களும், அவனும்.

அறிகுறி: வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள்

கல்யாணமா? பிள்ளைகளா? கணவர் எங்கே? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு எண் இருக்கிறது: 84. பிரசவ விடுமுறை 84 வேலை நாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே அளவுதான். அவர் உங்களைப் பார்க்கவில்லை, மனதில் ஒரு நாட்காட்டியைப் புரட்டுகிறார். "வேலை நேரம் தொடர்பாக எனக்கு எந்தத் தடையும் இல்லை, மாத முடிவில் எத்தனை மணி வரை நிற்கவேண்டி வரும்?" என்று கேள்வியை வேலைக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டாம் முறையும் வீட்டுக்கே வந்தால் அதைக் கொப்பியில் எழுதுங்கள்.

இப்படிக் கேட்டதற்கு வழக்குப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால், மொழி, இன அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். தனியார் கொம்பனியின் இன்டர்வியூ அறைக்குள் அது நேரே நுழையாது.

மொழிக் கேள்வி வேறு ரகம். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல், 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. ஆனால் கொழும்பில் களஞ்சியத்துக்குப் போன் எடுத்துச் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்பது சிங்களத்தில்தான். "சிங்களம் தெரியுமா?" என்றால் "கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் என்பது அவர்களுக்கு இல்லை என்றே கேட்கும். "போனில் கதைப்பேன், வாசிப்பேன், கடிதம் எழுத உதவி வேண்டும்" என்று பிரித்துச் சொல்லுங்கள். நான் ஆறு இடத்தில் "கொஞ்சம்" சொல்லிவிட்டுத்தான் இதைக் கற்றேன். ஐந்து பிழைகளில் இது இரண்டாவது, ஆறு இடம் என்றாலும் ஒன்றாகத்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அறிகுறி: "சின்னப் பரீட்சை ஒன்று" என்று கோப்பு அனுப்புகிறார்கள்

யூனியன் பிளேஸ்காரர்தான். இரண்டாம் சுற்று நன்றாகப் போனது. அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது. வங்கி இணக்கக் கூற்று ஒன்று தயாரிக்கவேண்டும், அதாவது கொம்பனியின் பதிவையும் வங்கியின் பதிவையும் ஒப்பிட்டு வித்தியாசம் தேடவேண்டும், திங்கட்கிழமை காலைக்குள். சந்தோஷமாகத் திறந்தேன், என் கை படிந்த வேலை அது.

412 வரி. பரீட்சைக்கு இருபது வரி போதும், இருபதில் மூன்று பொறி வைத்தால் ஆளின் தரம் தெரிந்துவிடும். இங்கே பொறி ஒன்றும் இல்லை. காசோலை இலக்கங்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டு போயின, இடையில் இரண்டு விடுபட்டிருந்தன, நிஜத்தில் விடுபடுவது போலவே. கடைசிப் பதிவின் திகதி முந்தின வெள்ளிக்கிழமை. விளக்கப் பகுதியில் மின்சாரக் கட்டணம், வாகனக் குத்தகை, ஒரு இடத்தில் யாரோ "சேரிடம் கேட்கவும்" என்று எழுதி அழிக்க மறந்திருந்தார்கள். அதை வாசித்தபோதே விளங்கியிருக்கவேண்டும். விளங்கியது. இருந்தும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து செய்தேன். 18,650 ரூபாய் வித்தியாசம் ஒன்றைக் கண்டுபிடித்தேன், ஒரே கட்டணம் இரண்டு தரம் பதியப்பட்டிருந்தது. அதைச் சிவப்பில் காட்டி, குறிப்பும் எழுதி அனுப்பினேன். பதில்: "தேங்க்ஸ் டியர்."

சோதனை முறை இது. கோப்பில் உள்ள திகதி எது? பழைய ஆண்டு என்றால் பரீட்சை, போன வாரம் என்றால் வேலை. உண்மையான வாடிக்கையாளர் பெயர் இருக்கிறதா? இருந்தால் இன்னும் மோசம், வெளியாள் கண்ணில் படக்கூடாததை அனுப்புகிற இடம் அது. முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் கேள்வி எழுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது. சரியான விடை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா? இது முக்கியம். விடை தெரியாத பரீட்சையை எந்த வாத்தியாரும் வைப்பதில்லை.

செய்யவேண்டியது: முதல் முப்பது வரியை மட்டும் செய்யுங்கள். "என் முறை இதுதான், மிச்சத்தை உங்கள் அலுவலகத்துக்கு வந்து உங்கள் முன்னால் செய்து காட்டுகிறேன்" என்று எழுதுங்கள். வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, நிரலாக்கம் எதுவாக இருந்தாலும் இதே அளவு. வடிவமைப்பாளர்கள் படத்தின் குறுக்கே தங்கள் பெயரைப் போட்டே அனுப்புங்கள். மூலக் கோப்பை அனுப்பவே வேண்டாம்.

அறிகுறி: மூன்றாம் சுற்றுக்குப் பிறகு மௌனம்

இதற்குத்தான் இந்தக் கட்டுரை என்று சொன்னாலும் பிழையில்லை. நல்லாக் கதைத்தார்கள், எப்போது வரலாம் என்று கேட்டார்கள், வாசல் வரை வந்து அனுப்பினார்கள். பிறகு ஒன்றும் இல்லை. நாள் போகப் போக நீங்கள் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். நான் தண்ணீர் கேட்டது பிழையோ என்று கூட யோசித்தேன்.

பிறகு ஒரு வேலையில் சேர்ந்து, மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து இரண்டு ஆளை எடுத்தபோதுதான் அந்த மௌனத்தின் உட்பக்கம் தெரிந்தது. பொதுவாக இவற்றில் ஒன்று:

பதவிக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை. பிரிவின் தலைவர் ஆள் தேவை என்று தேடத் தொடங்கிவிட்டார், மேலே கையெழுத்து விழவில்லை. மார்ச் 31 இல் கணக்காண்டு முடிகிற கொம்பனிகளில் பெப்ரவரி, மார்ச்சில் இது அடிக்கடி நடக்கும். அல்லது நீங்கள் இரண்டாவது ஆள். முதலாவது ஆளுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று, அவர் தன் பழைய இடத்தில் அதைக் காட்டிச் சம்பளம் கூட்டிக்கொண்டிருக்கிறார். அவர் முடிவு சொல்லும் வரை உங்களுக்கு "இல்லை" என்றும் சொல்லமாட்டார்கள், "ஆம்" என்றும் சொல்லமாட்டார்கள். அல்லது உங்களை எடுக்க விரும்பியவரே வேலையை விட்டுப் போகிறார். இது நினைப்பதை விடச் சாதாரணம். அல்லது சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 10 தொடக்கம் 20 வரை கொழும்பில் எந்தக் கடிதமும் நகராது, டிசம்பர் கடைசி வாரமும் அப்படியே. மாதம் தவறாமல் வரும் போயா, வெள்ளிக்கிழமையில் விழுந்தால் வியாழன் மத்தியானமே ஓபீஸ் காலி.

எது என்று எப்படி அறிவது? காத்திருந்தால் தெரியாது, கேட்கவேண்டும். அதுவும் "ஏதாவது முடிவு வந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "வில் லெட் யூ நோ டியர்" என்றுதான் பதில் வரும். அது பதிலே இல்லை, ரேடியோவில் இடைவெளிக்குப் போடுகிற இசை மாதிரி. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். நான் பிறகு எழுதிய செய்தி, ஆங்கிலத்தில், ஆனால் சாரம் இது:

"கடந்த 12ஆம் திகதி மூன்றாம் சுற்றுக்கு வந்திருந்தேன். இந்தப் பதவிக்கு அனுமதி கிடைத்துவிட்டதா, இன்னும் காத்திருக்கிறீர்களா என்று மட்டும் சொன்னால் போதும். எனக்கு இன்னொரு இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்."

கடைசி வசனம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பொய் சொன்னால், "அப்ப அங்க போங்கோ" என்று வந்துவிட்டால் விழுங்கவும் முடியாது.

கால எல்லை: கடைசிச் சுற்று முடிந்து ஏழு வேலை நாளில் முதல் செய்தி. அதிலிருந்து ஏழு நாளில் ஒரு அழைப்பு, மனிதவளப் பிரிவுக்கு அல்லாமல் உங்களைக் கேள்வி கேட்ட பிரிவுத் தலைவருக்கு. அதற்கும் பதில் இல்லை என்றால் கொப்பியில் அந்த வரியின் குறுக்கே கோடு. மூன்றாம் செய்தி வேண்டாம். அனுப்பி நான் கண்ட பலன், வட்ஸ்அப்பில் நீலச் சரி இரண்டு.

நுணுக்கமான வேறுபாடு ஒன்று. மௌனத்தின் நடுவில் உங்களைப் பற்றி விசாரிக்க நீங்கள் சி.வி.யில் பெயர் கொடுத்த நடுவருக்குப் போன் போனதா என்று கேட்டுப் பாருங்கள். போயிருந்தால் நீங்கள் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறீர்கள், பொறுங்கள். போகவில்லை, ஆனால் விளம்பரம் மறுபடி வந்துவிட்டது என்றால் கதை முடிந்தது.

யூனியன் பிளேஸில் இருந்து நான்கு மாதம் கழித்து அழைப்பு வந்தது. "டியர், யூ ஸ்டில் லுக்கிங்?" நான் அப்போது வேறு இடத்தில் சேர்ந்து ஆறு வாரம். அந்த 18,650 ரூபாயைத் திருத்திவிட்டீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "இல்லை மிஸ், நன்றி" என்று வைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த இரட்டைப் பதிவு அப்படியே கிடக்கிறதோ என்று சில நேரம் யோசிப்பேன்.

அறிகுறி: வேலை தருகிறார்கள், ஆனால் வாயில் சொன்ன எண்ணும் கடிதத்தில் உள்ள எண்ணும் வேறு

வாயில் சொன்னது 80,000. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 40,000, ஊக்குவிப்பு, போக்குவரத்து, வருகைப் படி என்று பிரித்து மற்ற 40,000. கூட்டினால் சரிதானே என்று கையெழுத்து வைப்போம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், தொழில்தருநர் 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் இன்னும் 3 வீதம். ஆக அவர் கையில் இருந்து 15 வீதம். 80,000 இல் அது 12,000 ரூபாய். 40,000 இல் மட்டும் கணக்குப் பார்த்தால் 6,000. மாதம் ஆறாயிரம், வருடம் 72,000 உங்கள் பெயரில் சேராமல் போகிறது. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று பார்க்கும்போதும் இந்தப் பிரிப்பு மறுபடி கடிக்கும். சட்டப்படி வாழ்க்கைச்செலவுப் படியும் சேமலாப நிதிக் கணக்கில் வரவேண்டியது. ஆகவே படிகளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

இதைவிட மோசமானது, "80,000 என்றால் எங்கட 12 வீதமும் அதுக்குள்ளதான்" என்பது. தொழில்தருநர் தன் பங்கை உங்கள் சம்பளத்தில் இருந்து எடுக்க முடியாது. கடிதத்தில் அப்படி இருந்தால் கையெழுத்துக்கு முதல் மாற்றச் சொல்லுங்கள்.

"புரொபேஷன் முடியத்தான் ஈ.பி.எப்.", அதாவது தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் சேமலாப நிதி என்பது கொழும்பில் ஆயிரம் வாயில் கேட்கிற வசனம். பொய். முதல் நாளில் இருந்தே கட்டவேண்டும். புரொபேஷன் ஏன் ஆறு மாதம் என்றும் பாருங்கள்: தொழிலாளர் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் பாதுகாப்பு, 15 பேருக்குக் குறையாத இடத்தில், முந்தின 12 மாதத்துக்குள் 180 நாளாவது வேலை செய்தவருக்குத்தான். ஆறு மாதம் முடிகிற நேரம் "இன்னும் மூன்று மாதம் நீட்டுவோம்" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வேறு சில, வேகமாக. இந்த வேலை ஒன்று மட்டும் இருக்க, மாதம் 150,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளத்தில் வருமான வரி என்று வெட்டினால் ஏன் என்று கேளுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து எல்லை அது. அடிப்படைச் சம்பளம் 30,000 க்குக் கீழே எழுதியிருந்தால் 2026 ஜனவரியில் வந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளத்துக்கே காணாது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவருக்கு முதல் வருடமும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமைய விடுமுறை (கஷுவல் லீவு) உண்டு, "புரொபேஷனில் லீவு இல்லை" என்பது அவர்கள் எழுதிய சட்டம். சேரும் திகதியும் பேசக்கூடியதுதான்: அடுத்த வருடத்து வருடாந்த விடுமுறை, ஜனவரி தொடக்கம் மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14 நாள், அடுத்த காலாண்டில் 10, அதற்கடுத்து 7, ஒக்டோபருக்குப் பிறகு 4. செப்டெம்பர் 30 க்கும் ஒக்டோபர் 1 க்கும் இடையில் மூன்று நாள் லீவு இருக்கிறது.

மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் கொண்டுபோய்க் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொடுங்கள். கையெழுத்து விழுந்த கடிதம் கையில் வரும் வரை பழைய வேலைக்கு விலகல் கடிதம் எழுதவேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த "கொங்கிராட்ஸ்" கடிதம் ஆகாது. இதை நான் என் ஐந்து பிழைகளில் எத்தனையாவது என்று சொல்லப் போவதில்லை.

அறிகுறி: சேர்ந்தாயிற்று, சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டுகிறார்கள், ஆனால் சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம் இல்லை

ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டவேண்டும். ஆகவே முதல் மாதமே பதறவேண்டாம். இரண்டாம் மாதம் முடிந்ததும் மின்னஞ்சலில் இலக்கத்தைக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். மூன்றாம் மாதமும் "வரும், வரும்" என்றால் அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்கிற இடம் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களம். வெளி மாவட்டத்தில் வேலை என்றால் அங்குள்ள தொழில் அலுவலகம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதம், வெட்டு விழுந்த சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை மூன்றிலும் பிரதி எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். சீ.ஆர். கொப்பியையும் கொண்டு போங்கள், யார் எந்தத் திகதியில் என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள்.